மூன்று அவுன்ஸ் ஸ்லீவ்

பட்டுக்கடை ஒபதாயா கிளாட்வின்
ஜலதோஷம் பிடித்த மூக்கால் சொல்லச் சொல்ல
எழுதியவன் நான்.
மழை நாள். கணப்பில் ஈர விறகு.
இறகுப்பேனாவின் நுனி வேறு பிளந்திருந்தது.
சாக்குச் சொல்லவில்லை,
இருந்ததைச் சொல்கிறேன்.

"ஸ்லீவ், மூன்று அவுன்ஸ், கருஞ்சிவப்பு.
பதினாறு பென்ஸ் பெறும்.
தாம்சின் யோ என்பவள்,
துணி வெளுப்பவள்,
என் மேசையிலிருந்து எடுத்தாள்."

பன்னிரண்டு பென்ஸைத் தாண்டினால் கயிறு.
அது எக்ஸிடரில் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

எங்கள் பக்கத்தில் அப்போது
முறுக்காத தையல்பட்டுக்கு ஸ்லீவ் என்று பெயர்.
சட்டையின் கைக்கும் ஸ்லீவ்தான்.
வாயில் இரண்டும் ஒன்று,
தாளில் ஒரே ஓர் எழுத்து மாறும்.
ஒன்றை ஊசியில் கோர்க்கலாம்,
இன்னொன்றில் தோள்வரை நுழையலாம்.

மார்ச் மாதம், கோட்டை மண்டபம்.
நீதிபதி தாளைக் கண்ணருகே பிடித்து
உரக்க வாசித்தார்:
"கருஞ்சிவப்புப் பட்டில்
சட்டைக் கைகள், மூன்று."
நிறுத்தினார்.
"மூன்றா? யார் அந்த மனிதன்?"

ஜூரிகளில் ஒரு கசாப்புக்காரர்
சிரித்துச் சிரித்து இருமினார்.

பொருளைக் கொண்டுவரச் சொன்னார்கள்.
கொண்டுவந்தார்கள்:
பழுப்புத் தாளில் ஒரு சுருள்.
கை இல்லை, கைப்பட்டி இல்லை, பொத்தானும் இல்லை.
ஜன்னல் காற்றுக்கே எழும்பி ஆடும் இழைகள்,
ஈரத்திலும் உள்ளே விளக்கு எரிவது போல.

கிளாட்வின் கத்தினார்,
"இதுதான் ஸ்லீவ்! இதுதான் ஐயா ஸ்லீவ்!"
"இதுவா?" என்று நீதிபதி
தன் அங்கியின் கையைத் தூக்கிக் காட்டினார்.
அவர் லண்டன்காரர்.

தாம்சினைக் கேட்டார்கள்.
காரநீர் தின்ற விரல்களை விரித்தாள்,
ஒவ்வொரு வெடிப்பும் ஒரு சின்ன வாய்.
"துணி கொடுக்கப் போனேன்.
ஒட்டிக்கொண்டது."
ஓர் இழை ஒட்டும்.
மூன்று அவுன்ஸ் ஒட்டாது.
அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் சாட்டியிருந்த பொருள் அங்கே இல்லை,
இருந்த பொருளைச் சாட்டவில்லை.
பாதிரியார் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.
குற்றமில்லை என்றார் ஜூரித் தலைவர்.
பசி நேரம்.

புதிதாக வழக்குப் போடலாம் என்றேன் கிளாட்வினிடம்,
கட்டணம் இரண்டு ஷில்லிங்.
அவர் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார்.
பதினாறு பென்ஸ் ஒரு பக்கம்,
இருபத்துநாலு ஒரு பக்கம்.
மூக்கைச் சிந்திவிட்டு
சுருளை எடுத்துக்கொண்டு போனார்.

தாம்சின் என் பக்கம் திரும்பவே இல்லை.
படிக்கட்டில் இறங்கும்போது
கழுத்தை ஒருமுறை தடவிக்கொண்டாள்,
மழைத்துளி விழுந்திருக்கலாம்.

இரவு, வீட்டில்
கிரேஸ் மெழுகுவர்த்தியை அருகே இழுத்தாள்.
கையுறைகளுக்குப் பூ தைப்பது அவள் தொழில்.
பதினோரு வருடமாக எங்கள் சோற்று மேசையில்
அந்தச் சொல் உப்போடு புழங்குகிறது:
ஸ்லீவை எடு, ஸ்லீவ் தீர்ந்தது,
ஸ்லீவ் மேல் தட்டை வைக்காதே.

"என்ன எழுதினாய்?"
"பிழை. ஓர் எழுத்து."
பல்லால் இழையைக் கடித்தாள்.
"உனக்கா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன்.
அவள் பார்வை என் மணிக்கட்டுக்குப் போயிருந்தது.
சட்டைக் கையின் ஓரத்தில்
கருஞ்சிவப்பாக ஓர் இழை.
மூச்சு விட்டால் அசைந்தது.

நான் எடுக்கவில்லை.
உண்மையாகவே
ஒட்டிக்கொண்டதுதான்.

அவள் அதை ஊசியில் கோர்த்தாள்.
யாரோ ஒரு சீமாட்டியின் கையுறையில்
ஒரு ரோஜாவின் கால் இதழ்
திருட்டு நூல்.

இப்போது கடையில் கேட்டால்
பையன் சட்டை மடிப்புகளைக் காட்டுகிறான்.
பட்டு வேறு பெயரில் வருகிறது, முறுக்கி.
இன்று யாரும்
அந்தப் பிழையைச் செய்ய முடியாது.